ஒத்தக்காதன் எறிந்த சுத்தி

மேற்கே, மலை முடிந்து மேகம் தொடங்குகிற இடத்தில், வந்த பஸ் அப்படியே திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லாத ஊசிக்கானல் தேயிலை எஸ்டேட்டில், வெண்பனி முதன்முதலில் பெய்தது வெளியே அல்ல, சங்கக் கொட்டகைக்குள்; அதுவும் மேலேயிருந்து அல்ல, எதிரே கட்டியிருந்த வெள்ளைத் திரையிலிருந்து. உட்கார்ந்திருந்த சனம் கால்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு படத்தைத் தொடர்ந்து பார்த்தது. வருசத்தில் பாதி மழையிலும் மீதி மூடுபனியிலும் கிடக்கிறவர்களுக்கு எது விழுந்தாலும் புதுசில்லை. கொழுந்து எடுக்கிற ஞானப்பூ மட்டும், "நனஞ்சா சளி பிடிக்குமே, சவம்" என்று முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் அப்படித்தான். கவலைப்படுவதை எஸ்டேட் வேலை போல விடியலில் தொடங்கிப் பொழுது சாயும் வரை செய்கிறவள்; காட்டுயானை தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கம் வந்தால் எல்லாரும் வீட்டைப் பற்றிக் கவலைப்படும்போது, ஈரத்தில் யானைக்குக் கால் வழுக்கிவிடுமோ என்று சேர்த்துக் கவலைப்படுகிறவள்.

அந்தப் படம் வந்தது சங்கச் செயலாளர் தோழர் சங்கிலியின் முயற்சியால். சோவியத் தேசத்தில் தொழிலாளிகள் எப்படி டிராக்டர் ஓட்டுகிறார்கள், எப்படிக் கோதுமை அறுக்கிறார்கள் என்று நம் சனமும் பார்க்கட்டும் என்று அவர் கோயம்புத்தூரில் ஒரு நட்புறவு மன்றத்தில் சொல்லி வைத்திருந்தார். ஆப்பரேட்டர் கிருபாகரன் ஜீப்பில் ஒரு புரொஜக்டரும், ஒரு ஜெனரேட்டரும், யாருக்கும் வாசிக்க வராத எழுத்து எழுதிய தகரப் பெட்டியுமாக வந்து இறங்கினான். பெட்டிக்குள் டிராக்டர் இல்லை. கொலை இருந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். பேச்செல்லாம் ரஷ்யப் பேச்சு. ஆனாலும் ஊசிக்கானல்காரர்களுக்கு ஒரு காட்சிகூட விளங்காமல் போகவில்லை, ஏனென்றால் அவர்கள் இருக்கிற இருப்பைத்தான் யாரோ பனியில் முக்கி எடுத்துத் திரையில் காயப்போட்டிருந்தார்கள்: கண்ணுக்கெட்டிய தூரம் வேறு ஊரே இல்லாத காடு, லயத்துக்குப் பதிலாக மரக்கட்டை வீடுகள், பூமியைத் துளைத்துத் தாதுக்கல் தேடுகிற கொஞ்சம் ஆட்கள், அவர்களுக்குப் பொங்கிப் போட ஒரு பெண், எப்போதாவது வந்து சாமான் இறக்கிவிட்டுப் போகிற சின்ன விமானம், யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லார் காலையும் சுற்றுகிற ஒரு சடை நாய். பேர் தெரியாததால் பேர் வைத்துக்கொண்டார்கள். அகன்ற முகமும் உருண்ட கையுமாக அடுப்படியில் நின்றவள் வெள்ளச்சி. ஆட்களுக்குத் தலைவர் தாடிக்காரர். மயிர்த்தொப்பியின் ஒரு காதுமூடி பிய்ந்துபோய் மற்றது மட்டும் ஆடிக்கொண்டிருந்த ஒல்லி ஆள் ஒத்தக்காதன்.

இந்த ஒத்தக்காதன், கல் உடைக்கிற சுத்தியின் பிடி கையில் வழுக்காமலிருக்க, தன் கழுத்தில் சுற்றியிருந்த கட்டம்போட்ட மப்ளரிலிருந்து கம்பளி நூலை உருவி அதில் சுற்றினான். குட்டைப் பிடியும், ஒரு பக்கம் மொட்டையும் மறுபக்கம் கிளிமூக்கு மாதிரி கூருமாக இருந்த சுத்தி. அடுத்த காட்சியில் தாடிக்காரர் துளைப்பு யந்திரத்துக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். அதற்கடுத்து ஒத்தக்காதன் அங்கும் இங்கும் பார்த்துவிட்டுச் சுத்தியைச் சுழற்றித் தூரமாக எறிந்தான். எறிந்தது பனிக்காட்டைப் பார்த்து அல்ல, நேரே படம் பார்க்கிற சனத்தைப் பார்த்து. கொட்டகையே "யாத்தே!" என்று குனிந்தது. ஞானப்பூ குனிந்த வேகத்தில் முன்னாலிருந்த, கூடக் கொழுந்து எடுக்கிற சுடலியின் கொண்டையில் மூக்கை இடித்துக்கொண்டாள்.

ஏன் கொன்றான் என்பதற்கு லயத்துக்கு ஒரு காரணம் சொன்னார்கள். யாரைப் பிடித்தார்கள் என்பதில்தான் ஊர் கொதித்தது. விமானத்தில் வந்து இறங்கிய போலீஸ் தொப்பிக்காரர் விசாரித்தார், தேடினார், சுத்தி அகப்படவில்லை; முந்தின நாள் வெள்ளச்சி தாடிக்காரரோடு சண்டை போட்டுக் கரண்டியால் மேசையை அடித்ததை யாரோ சொல்ல, அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் என்னவோ சொல்லி அழுதாள். உடன் வேலை செய்தவர்கள், அவள் கையால் தின்றவர்கள், அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் அவள் கையைப் பின்னால் பிடித்து விமானத்தில் ஏற்றினார்கள், விமானம் கிளம்பியது, திரை வெளுத்தது.

"என்னவே இது, மொட்டையா நிக்கி? மிச்சத்தப் போடும்!" என்று எழுந்தார் கங்காணி பேரின்பம். கொழுந்துக்காட்டில் பெண்களை மேய்க்கிற அவருக்கு எதையும் பாதியில் விட்டால் பிடிக்காது.

"மிச்சமெல்லாம் இல்லண்ணே. படமே இவ்வளவுதான்" என்றான் கிருபாகரன்.

"அப்ப அந்தப் புள்ளய எப்ப விடுவாங்க?" என்று கேட்டாள் ஞானப்பூ.

"யக்கா, அது படம்."

"படம்னு உமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா?"

கிருபாகரன் ரீலைச் சுற்றினான். "எத்தன ஊர்ல போட்டீரு இத?" என்று அவள் விடவில்லை. மலையிலுள்ள முக்கால்வாசி எஸ்டேட்டில் போட்டாகிவிட்டது, இன்னும் கீழ்ப்பக்கத்து எஸ்டேட்டுகள் பாக்கி என்று அவன் சொன்னதும், "அப்ப அத்தன ஊர்லயும் அவளக் கொண்டுபோயிருக்கானுவ, இன்னும் அத்தன ஊர்லயும் கொண்டுபோவானுவ, ஒரு பய வாயத் திறக்க மாட்டான்" என்று ஞானப்பூ சொன்னாள். சொன்னவள் வீட்டுக்குப் போனாள், சோறு இறங்கவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, யாருக்கும் இறங்கவில்லை. மறுநாளும் அதே படத்தைத்தான் போட வேண்டும், ஒருவேளை தொப்பிக்காரருக்கு இன்றைக்கு இல்லாத புத்தி நாளைக்கு வரலாம் என்று எல்லாருமாகப் போய்க் கிருபாகரனைப் பிடித்துக்கொண்டார்கள்.

பனி பெய்தது அந்த மறுநாள்தான். தொப்பிக்காரருக்குப் புத்தி வரவில்லை, வெள்ளச்சியைத்தான் கொண்டுபோனார். ஆனால் படத்தின் முதல் காட்சியிலிருந்தே திரையின் அடிவிளிம்பில் மாவு சலிக்கிற மாதிரி பனி உதிர்ந்து, கொட்டகைத் தரையை மூடி, வாசல் வழியாக இறங்கி, படம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் நிற்காமல், விடியும்போது பெரட்டுக்களம் முழுவதையும் நிரப்பி, ஏழாம் நம்பர் காட்டின் ஓரத்துத் தேயிலைச் செடிகளுக்கு இடுப்பு வரை ஏறிக் கிடந்தது. காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் பிரிகிற களமல்லவா அது. சனம் வந்து பனியின் ஓரத்தில் நின்று பேர் கொடுத்தது.

வெயில் வந்தது, பனி உருகவில்லை; வெயில்தான் கொஞ்சம் குளிர்ந்து போயிற்று. பத்து மணிக்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. பிள்ளைகள் அள்ளி வெல்லப்பாகு ஊற்றித் தின்றன. மீன்காரர் கூடையைப் பனியில் புதைத்துவைத்துவிட்டு ஜென்மத்தில் முதல் தடவையாக அவசரப்படாமல் டீ குடித்தார். காய்ச்சல்காரர்களுக்கு நெற்றியில் வைக்க ஆளுக்கொரு துணி மூட்டையாகக் கட்டிப் போனார்கள். அம்மன் கோயில் பூசாரி ஒரு பிடி எடுத்து மஞ்சள் கலந்து வாசலில் தெளித்தார், வேதக்கோயில் உபதேசியார் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, வேதத்திலும் பனி உண்டு என்று சொல்லிவிட்டார், அதோடு இரண்டு பக்கத்துக்கும் ஆட்சேபணை இல்லாமல் போயிற்று. எல்லாவற்றையும் விடப் பெரிய சந்தோசம், பனி பட்ட இடத்தில் அட்டைகள் சுருண்டு விழுந்தன. காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தடவாமல் களத்தில் நடக்கலாம் என்று ஆனதும், "அவன் ஊர்ப் பனி நல்ல பனி மக்கா" என்று கிழவர்கள் மெச்சினார்கள்.

ஞானப்பூ மட்டும் களத்தின் ஓரத்தில் நின்று கூப்பாடு போட்டாள். "ஏ, ஏறுங்க மேல! கால் கிழியும்! சொன்னா கேளுங்க!"

தண்ணீர்க் குடத்தோடு வந்த சுடலி சிரித்தாள். "பஞ்சு மாதிரி கெடக்கு மைனி, என்னத்தக் கிழிக்கும்?"

"பஞ்சுதான், யாரு இல்லன்னா? உள்ள சுத்தி கெடக்குல்லா!"

"எந்தச் சுத்தி?"

"ஒத்தக்காதன் எறிஞ்சாம்லா, அந்தச் சுத்திதான். கிளிமூக்கு மாதிரி கூரு. எங்கிட்டு எறிஞ்சான்? நம்மப் பாத்துத்தான எறிஞ்சான்? அவன் ஊருப் பனி இங்க வந்து கெடக்குன்னா, அவன் எறிஞ்சது மட்டும் வராமயா இருக்கும்? எந்தப் புள்ள கால்ல ஏறப் போவுதோன்னு எனக்கு ஈரக்கொல நடுங்குது, இவ பஞ்சுங்கா."

ஞானப்பூ இதைக் குறையாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுடலியின் கையிலிருந்து குடம் நழுவி விழுந்ததைப் பார்த்துவிட்டு, பாதியில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"மைனி" என்றாள் சுடலி, மெதுவாக. "அந்தச் சுத்தி அகப்பட்டா..."

"அகப்பட்டா அவள விட்டுருவாங்கட்டி!"

செய்தி ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குப் போகவில்லை; எல்லா லயத்திலும் ஒரே நேரத்தில் எழும்பியது. அடுப்பு அடுப்பாக விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஆனால் அதற்குள் துரையின் ஜீப் களத்தில் வந்து நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் மானேஜரை அங்கே துரை என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் மதுரைப் பக்கத்துத் துரை. ஏழாம் நம்பர் காட்டில் கொழுந்து கருகிக்கொண்டிருக்கிறது, பேக்டரி பாய்லரிலிருந்து குழாய் இழுத்துச் சுடுதண்ணீர் அடித்து மொத்தப் பனியையும் கரைத்து ஓடையில் விடப் போகிறேன் என்று அவர் சொன்னார்.

"ஓடையிலயா?" என்று அலறினாள் ஞானப்பூ. துரைக்கு எதிரில் அவள் அதுவரை நிமிர்ந்து நின்றதுகூடக் கிடையாது. "தண்ணியோட சுத்தியும் போயிருமே தொரை! ஓட விழுந்தா அருவி, அருவி விழுந்தா அணைக்கட்டு, அங்க போயி யாரு முங்குவா?"

"என்ன சுத்தி?"

தோழர் சங்கிலி முன்னால் வந்து விளக்கினார். ஒரு நிரபராதித் தொழிலாளியின் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது, அவள் எந்த நாட்டுக்காரியாக இருந்தால் என்ன, சாட்சியத்தைச் சுடுதண்ணீர் ஊற்றி அழிப்பதைச் சங்கம் பார்த்துக்கொண்டிருக்காது, குழாயைத் தொட்டால் பேக்டரியில் ஒரு சக்கரம் சுற்றாது என்று அவர் குரலை ஏற்றிக்கொண்டே போனார். துரை அவரைக் கவனிக்கவே இல்லை. அவர் முந்தின நாள் ஜன்னலோரமாக நின்று படம் பார்த்தவர்.

"அந்தச் சமையல்காரம்மாவா?" என்று கேட்டார்.

"அவளேதான் தொரை."

துரை கருகுகிற செடிகளைப் பார்த்தார், பனியைப் பார்த்தார். "இருட்டுறதுக்குள்ள தேடி முடிங்க. அதுக்கு மேல நான் பொறுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கிருபாகரனும் தன் பங்குக்கு, இன்றைக்கு இன்னொருமுறை போடுகிறேன், ஆனால் விடிந்தால் பெட்டி கீழ் எஸ்டேட்டில் இருக்க வேண்டும், அங்கே இந்தப் பனியும் இருக்காது, சுத்தியும் இருக்காது என்றான். ஆக இந்தப் பொழுது ஒன்றுதான். இதில் அகப்பட்டால் அவள் வீட்டில் இருப்பாள், இல்லாவிட்டால் ஊர் ஊராக ஏறிப்போய்க்கொண்டே இருப்பாள்.

ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து கிளறத் தொடங்கியவர்களைக் கங்காணி பேரின்பம் விசிலடித்து நிறுத்தினார். "கோழி மாதிரி கிளறாதீங்கட்டி! நிரை பிடிங்க!" கொழுந்து எடுப்பதற்கு ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுப்பார்களே, அந்த நிரை. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, முதுகில் கூடையை மாட்டி, களத்தின் கீழ்விளிம்பில் தோளோடு தோளாக நின்றார்கள். கங்காணி குச்சியைக் காட்ட, நிரை மெள்ள மேலே ஏறியது.

ஏறத் தொடங்கியதும் ஊசிக்கானல் பெண்களுக்கு வேறொரு உயிர் வந்துவிட்டது. பாட்டு வந்தது, கேலி வந்தது. "எந்த நிரையில சுத்தியோ, அந்த நிரைக்காரிக்கு ஒத்தக்காதன் மாப்பிள்ளை" என்று ஒருத்தி சொல்ல, "எனக்கு வேண்டாம்பா, ரெண்டு காது உள்ளவனே என் பேச்சக் கேக்க மாட்டேங்கான்" என்று சுடலி சொல்ல, சிரிப்பு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடித் திரும்பியது. பனியை அள்ளினார்கள், பார்த்தார்கள், தள்ளினார்கள். ஆனால் பார்க்கிற கண் வேறு, பழகிய கை வேறு. பருவம் வந்த நாளிலிருந்து கிள்ளித் தோளுக்கு மேலே பின்னால் எறிந்த கைகள், கண் என்ன சொல்கிறது என்று கேட்க நிற்கவில்லை. அள்ளிய பனியை அள்ளிய வேகத்தில் முதுகுக்குப் பின்னால் கூடைக்குள் எறிந்துகொண்டே போயின. குளிரில் விரல்கள் முதலில் வலித்து, பிறகு எரிந்து, பிறகு யாருடைய விரல்களோ போல ஆகிவிட்டன. அதற்குப் பிறகு பஞ்சுக்கும் கல்லுக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நிரை மேல் விளிம்பைத் தொட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. களத்தில் ஒரு சாணிடம்கூடப் பாக்கியில்லை. சுத்தி இல்லை.

யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. ஞானப்பூ மூச்சு வாங்க நின்றாள். எறிந்தது இங்கேதான் என்று தான் சொல்லப் போய்த்தானே இத்தனை பேர் கை விறைத்து நிற்கிறார்கள், ஒருவேளை வேறு பக்கம் எறிந்திருப்பானோ, ஒருவேளை பிள்ளைகள் வெல்லப்பாகோடு விழுங்கியிருக்குமோ என்றெல்லாம் அவள் மனசு ஓடியது.

"சரி, கூடையக் கொண்டாங்க, தராசுல நிறுத்திருவோம்" என்றார் கங்காணி.

"எதுக்கு அண்ணாச்சி? பனிய நிறுத்து டீத்தூளா போடப் போறீரு?" என்றாள் ஒருத்தி.

"நிறுக்காம எப்படிப் பேர் போட? நிரையில ஏறினா நிறுக்கணும்." அவர் தராசை மாட்டிவிட்டார். மழை நாளில் கொழுந்தை நிறுத்தால் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். அன்றைக்கு முழுவதும் ஈரமாகவே இருந்ததால் எதைக் கழிப்பது என்று அவருக்கு ஒரு குழப்பம். ஆனாலும் எல்லார் கூடையும் ஏறக்குறைய ஒரே நிறையாக இருந்ததால் அமைதியாக நிறுத்துக்கொண்டே வந்தார். ஞானப்பூவின் கூடையை மாட்டியதும் முள் துள்ளியது.

கங்காணி முள்ளைப் பார்த்தார், ஞானப்பூவைப் பார்த்தார். "ஏம்ட்டி. இந்த வயசுல உனக்கு ஏன் இந்த வேல?"

"என்ன வேல?"

"கூடைக்குள்ள கல்லு போட்டிருக்க."

கூடையில் கல் போட்டு நிறை ஏற்றினாள் என்பது ஒரு கொழுந்துக்காரியைச் சொல்லக்கூடாத சொல். ஞானப்பூவுக்குப் பனியில் விறைத்த முகம் தீயாக எரிந்தது. "நானா? நானா கல்லு போட்டேன்? இம்புட்டு வருசம் இந்த மலையில கொழுந்து எடுத்தேன், ஒரு காம்பு கூடப் போட்டதில்ல, கேவலம் பனிக்கா கல்லு போடப் போறேன்? பாருமய்யா! எல்லாரும் பாத்துக்கிடுங்க!" என்று கூடையைக் கொக்கியிலிருந்து பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். பனி பொதபொதவென்று கொட்டியது. கடைசியாக ஒரு வெள்ளை உருண்டை விழுந்து, தராசுக் காலில் மோதி, உடைந்தது.

உள்ளே கிளிமூக்கு.

களம் மொத்தமும் வெடித்தது. குலவை போட்டார்கள், கூடைகளை மேலே எறிந்தார்கள், யாரோ தகரத்தைத் தட்டினார்கள். கங்காணி பேரின்பம் இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டு, "நான் சொன்னது தப்புத்தான் தாயி, ஆனா நிறுத்ததாலதான அகப்பட்டுச்சு!" என்றார். பிடியில் சுற்றியிருந்த கம்பளி நூல் படத்தில் கறுப்பாகத் தெரிந்தது. இங்கே அது பளீரென்று கிளிப்பச்சையாக இருந்தது. ஒத்தக்காதனின் மப்ளர் பச்சைக் கட்டம் என்பது உலகத்தில் ஊசிக்கானலுக்கு மட்டும்தான் தெரியும் என்று எல்லாருக்கும் பெருமையாக இருந்தது.

பொழுது இறங்கியதும் கிருபாகரன் விளக்கைப் போட்டான். கொட்டகை நிறைந்து வெளியிலும் நின்றார்கள். துரைக்கு நாற்காலி போட்டார்கள், அவர் உட்காரவில்லை. தரையில் கிடந்த பனி திரையின் அடி வரை போய், எந்த இடம் நம்முடையது, எந்த இடம் அவர்களுடையது என்று தெரியாமல் அப்படியே உள்ளே தொடர்ந்துகொண்டு போயிற்று.

எல்லாம் முன்போலவே நடந்தது. சுத்தி பறந்து வரும் இடத்தில் பழக்கத்தில் எல்லாரும் குனிந்தார்கள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டு. தொப்பிக்காரர் வந்தார், தேடினார், வெள்ளச்சி அழுதாள், ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். "இப்பக் கொண்டுபோயி வைங்க!" என்றார் தோழர் சங்கிலி. மடியில் சுத்தியைக் கட்டி வைத்திருந்த ஞானப்பூ எழுந்தாள், நாலடி வைத்தாள், நின்றாள்.

"வச்சா மட்டும் கண்டுருவானுவளா? அம்புட்டு தேடியும் தெரியாதவனுக்கு வச்சாத் தெரியுமா?"

"மைனி, விமானத்துக்கிட்டப் போயிட்டா!"

"நாய்" என்றாள் ஞானப்பூ திடீரென்று. "அந்தச் சடை நாய் எங்க நிக்கி? ஏட்டி, யார்ட்டயாவது கருவாடு இருக்கா?"

கருவாடு இல்லாத வீடு எந்த லயத்தில் இருக்கிறது? ஓடிப் போனவர்கள் வருவதற்குள் வெள்ளச்சியின் ஒரு கால் விமானப் படியில் ஏறிவிட்டது. "ஏறாத! ஏறாதட்டி! கொஞ்சம் பொறு!" என்று கொட்டகையே கத்தியது. சுடலி முழு வாளைக் கருவாட்டோடு பாய்ந்து வந்தாள். ஞானப்பூ அதைச் சுத்திப் பிடியின் பச்சை நூலுக்குள் செருகி, திரையின் விளிம்புக்கு ஓடி, பனியில் மண்டியிட்டு, முழங்கை வரை உள்ளே நீட்டி வைத்தாள். உள்ளே போன கை கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. வெளியே எடுத்ததும் பழைய கை.

நாய் மூக்கைத் தூக்கியது.

அது வந்தது. மோந்தது. ஜென்மத்தில் கண்டறியாத வாசனையில் மயங்கி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு சுத்தியோடு கவ்விக்கொண்டு, தின்ன ஒரு பாதுகாப்பான இடம் தேடி ஓடியது. ஓடினது நேரே தொப்பிக்காரரின் காலுக்கு நடுவே. அவர் தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்தில் அவர் மூக்குக்கு எதிரே சுத்தி.

ஊசிக்கானலில் அப்போது எழுந்த சத்தத்தில் பேக்டரிக் கூரைத் தகரம் அதிர்ந்தது. தொப்பிக்காரர் நூலைத் தடவிப் பார்த்தார், மெதுவாக எழுந்தார், ஒவ்வொருத்தர் கழுத்தாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒத்தக்காதன் மப்ளரைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "பின்னால பாரும்! கைக்குள்ள வச்சிருக்கான்!" என்று பூசாரியும் உபதேசியாரும் ஒரே குரலில் கத்தினார்கள். அப்போதுதான், தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவன் தலையைத் தூக்கினான், அவனைப் பார்த்து இன்னொருவன் தூக்கினான், பிறகு எல்லாருமாக விரலை நீட்டினார்கள். ஒத்தக்காதன் ஓடினான், நாலெட்டில் பிடித்தார்கள். அவனை விமானத்தில் ஏற்றினார்கள். வெள்ளச்சி இறங்கி நின்றாள். கொட்டகையில் ஆண்கள் துண்டை வீசினார்கள், பெண்கள் ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொண்டு அழுதார்கள். துரை யாருக்கும் தெரியாமல் மூக்கைத் துடைத்தார்.

விமானம் போயிற்று. ரீல் முடிந்து அதன் வால் படபடவென்று அடித்துக்கொண்டது. "முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக் கிருபாகரன் விளக்கை அணைத்தான். திரையில் வெளிச்சம் போகவில்லை. வெள்ளச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசித்து நிற்கிற ஆட்களை ஒருமுறை முறைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் நெருப்பை ஊதினாள். கிருபாகரன் புரொஜக்டரைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பிறகு அவனும் கீழே உட்கார்ந்துகொண்டான்.

அவள் கிழங்கு வெட்டினாள், கோசு வெட்டினாள், பானையில் போட்டாள். நாய் பாதி கருவாட்டோடு உள்ளே வந்தது. அவள் அதை அதன் வாயிலிருந்து பிடுங்கினாள். புரட்டிப் பார்த்தாள், மோந்தாள், முகம் சுளித்தாள், மறுபடியும் மோந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நாய் கடிக்காத பக்கத்தை ஒடித்துப் பானைக்குள் போட்டாள்.

"ஐயோ, அவளுக்குத் தெரியாதே!" என்று ஞானப்பூ துடித்து எழுந்தாள். "ஊற வைக்கல, கழுவல, அப்படியே போட்டுட்டாளே! உப்புக் கரிக்குமே! பட்டபாடெல்லாம் பட்டுட்டு இப்ப வாயில வைக்க முடியாமப் போவுமே! ஏட்டி, தண்ணி ஊத்துட்டி! தண்ணி ஊத்து!"

வெள்ளச்சி கரண்டியால் எடுத்து ஊதி நாக்கில் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கண்ணைத் திறந்தாள், ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள், திரையின் விளிம்பில் குனிந்து பனியை அள்ளினாள். ஞானப்பூவின் காலடியில், ஒரு சட்டி அளவுக்குப் பனியில் பள்ளம் விழுந்தது.

"காணாது" என்றாள் ஞானப்பூ. "இன்னும் ஒரு கை அள்ளு."

பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாயிற்று.